தந்தமும் கருங்காலியும்



ஆலயப் பாடகர் குழுவின் நடுவே இருக்கும் ஆர்மோனியத்தை நாம் அனைவரும் அறிவோம். வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் இணைந்து நின்றால்தான் பண் பிறக்கின்றது. முற்காலத்தில் மேல்நாட்டார் செய்த பியானோக்களில், வெள்ளைக் கட்டைகளின்மீது யானைத் தந்தத்தின் மெல்லிய தகட்டைப் பதித்தார்கள். கறுப்புக் கட்டைகளைக் கருங்காலி மரத்தில் செதுக்கினார்கள்.

இவ்விரு பொருள்களும் ஒரே சந்தையில் விலைபோனது நேற்று இன்று அன்று. தீர் நகரின் வாணிகச் செழிப்பை விரித்துரைக்கும் எசேக்கியேல் ஆகமம், 27-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனத்தில், தந்தத்தையும் கருங்காலியையும் அடுத்தடுத்துக் கூறுகின்றது. வாங்கியவர்களுக்கு இரண்டும் விலையுயர்ந்த சரக்கு, அவ்வளவே. ஆனால், காட்டில் இவ்விரண்டிற்கும் இடையே ஓர் உறவு உண்டு என்பதை அண்மையிலேதான் உலகம் தெளிவாக உணர்ந்திருக்கின்றது.

மத்திய ஆப்பிரிக்காவில் உள்ள கேமரூன் நாட்டு மழைக்காடுகளில் வளரும் கருங்காலி, நம் நாட்டுக் கருங்காலிக்கு உறவு மரமே. வெளிமரம் வெளிறியிருக்கும், உள்வயிரமோ கரியென இருண்டு, நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும் அளவுக்குக் கனமாயிருக்கும். கித்தார், வயலின் முதலிய கருவிகளின் விரற்பலகைக்கு இன்றும் இதனைத் தேடுகின்றனர். இம்மரம் முதிர்ந்து வயிரம் ஏறப் பல பத்தாண்டுகள் வேண்டும். வெட்டுவதற்கோ ஒரு நாள் போதும்.

இதன் கனிகளைக் காட்டு யானைகள் விதையோடு விழுங்குகின்றன. நெடுந்தொலைவு நடந்து சென்று, சாணத்தோடு அவ்விதைகளை வெளியேற்றுகின்றன. சாணத்தினுள் மறைந்திருப்பதால் எலி முதலிய கொறிக்கும் பிராணிகளிடமிருந்து விதை தப்புகின்றது. தாய்மரத்திற்கு வெகுதூரத்தில் முளைக்கவும் இடம் பெறுகின்றது. 2025-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, யானைகள் அற்றுப்போன காடுகளில் கருங்காலியின் இளங்கன்றுகள் 68 விழுக்காடு குறைந்துள்ளன என்று காட்டுகின்றது. பெரிய மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் அடுத்த தலைமுறையைத்தான் காணோம்.

தந்தத்தின் பன்னாட்டு வாணிகத்தைத் தடுக்க 1989-இல் உலக நாடுகள் உடன்பட்டன. ஆயினும் கள்ள வேட்டை ஓயவில்லை. ஆப்பிரிக்கக் காட்டு யானைகளின் தொகை 31 ஆண்டுகளில் 86 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துவிட்டது என 2021-இல் கணக்கிட்டனர். வெள்ளைக் கட்டைக்காக யானையைக் கொன்ற கை, கறுப்புக் கட்டைக்குரிய விதையையும் தன்னை அறியாமலே அழித்திருக்கின்றது. கருங்காலி மரத்தை வெட்டாமல் காத்தாலும், யானையைக் காக்காவிடில் அம்மரம் நிலைக்காது என்பது இதனால் புலனாகின்றது.

ஆறுதலான செய்தியும் உண்டு. 2016 முதல் கேமரூன் நாட்டுச் சிற்றூர் மக்கள், ஆய்வாளரின் துணையோடு, பழமரங்களுடன் கருங்காலிக் கன்றுகளையும் நட்டு வருகின்றனர். பழம் அவர்களுக்கு, கருங்காலியோ பேரப்பிள்ளைகளுக்கு. யானை கூலியின்றிச் செய்த வேலையை இன்று மனிதன் மண்வெட்டி ஏந்திச் செய்ய வேண்டியிருக்கின்றது.

படைப்பில் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்து நமக்கென வைத்துக்கொள்ள இயலாது. ஒரு பொருளை வாங்கும்போது அதன் விலையைக் கேட்கும் நாம், அதை விதைத்தவர் யார் என்றும் கேட்கப் பழகுவோமாக.