பாலாறு கேட்கும் கணக்கு



வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டில் நம் சமுதாயத்திற்குச் சோறு போட்ட தொழில் தோல் பதனிடும் தொழில். அதன் கழிவு பாலாற்றைப் பாழாக்கியதால் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்சநீதிமன்றம் ஆலைக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக அந்த நீதிமன்றம் கண்டிக்க நேர்ந்தது.

பொதுச் சாக்கடையில் விடும் கழிவில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்பது விதி. "நம்மை நசுக்கவே இந்த விதி" என்கிறீர்களா? கெட்டுப்போன கிணற்று நீரைக் குடிப்பவரும் நம்மவரே! நீர்நிலைகளை அசுத்தப்படுத்துவதைத் தடுத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் அல்லவா நாம்?

குரோம் கழிவுநீரைத் தனியே பிரியுங்கள். மீட்ட குரோமியம் மறுபடியும் தோல் பதனிட உதவும். அதிகாரியின் சோதனைக்கு அஞ்சுவதைவிட அல்லாஹ்வின் விசாரணைக்கு அஞ்சுங்கள்!