எந்தப் படிவத்துக் களிமண்?

விருத்தாசலம் பட்டறையில் ஒரு லோடு களிமண் இறங்கினால் வெண்மையைப் பார்க்கிறோம், பிறகு விலையைக் கேட்கிறோம். நெய்வேலி மண் என்றால் அது பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்து வந்ததா, அடியிலிருந்து வந்ததா என்று கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதனால்தான் சூளைக்காரர்களுக்கான இந்த இதழில் நிலக்கரியும் எண்ணெய்க் களிப்பாறையும் உருவாகும் விதத்தைப் பேசுகிறோம்.

இரண்டும் ஒரே படுகையில் பிறக்கக்கூடியவை. அவற்றைப் பிரிப்பது நீரின் ஆழம். படுகை தாழும் வேகத்துக்கு ஈடாகச் சதுப்பில் மரமும் இலையும் விழுந்து குவிந்தால் அந்தக் குவியல் நிலக்கரியாகிறது. தாழ்வு வேகமெடுத்தால் மரங்கள் மூழ்கிச் சதுப்பு ஏரியாகிவிடும். காற்று எட்டாத அந்த ஏரியடியில் பாசிகள் மடிந்து நுண்களியோடு படிந்தால் கிடைப்பது எண்ணெய்க் களிப்பாறை. மரத்திலிருந்து வந்த கரிமத்தைவிடப் பாசிக் கரிமத்தில் ஹைட்ரஜன் அதிகம். சூடாக்கினால் எண்ணெய் தருவது அதனால்தான். ஆறு மிகுதியாக வண்டலைக் கொண்டுவந்து கொட்டினால் வெறும் களியும் மணலுமே மிஞ்சும். சீனாவின் ஃபூஷுன் திறந்தவெளிச் சுரங்கத்தில் இயோசீன் கால நிலக்கரிக்கு நேர் மேலே எண்ணெய்க் களிப்பாறை கிடக்கிறது. சதுப்பு ஏரியாக மாறிய கதை அந்தச் சுரங்கச் சுவரிலேயே தெரியும்.

நெய்வேலியில் அந்தக் கதை பாதியோடு நின்றுவிட்டது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தலைகாட்டிய அந்தக் கறுப்புப் படிவத்தின் மேல் ஏரிப் பாசி படியவில்லை. கடலூர் மணற்கல்லும் களியும்தான் மூடின. எண்ணெய் தரும் களிப்பாறைகள் இதே காவிரிப் படுகையில் வெகு ஆழத்தில், மிகப் பழைய காலத்தவையாக இருக்கின்றன. நரிமணம் என்ற ஊரில் கிடைக்கும் எண்ணெய் அந்த ஆழப் படுகையின் சொத்து.

பீங்கான் தொழிலுக்கு இதில் என்ன இருக்கிறது? சதுப்பு நீரின் அமிலம் அடிக்களியிலிருந்து இரும்பைக் கரைத்து இழுத்துவிடும். உலகின் பல நிலக்கரிப் படிவங்களுக்கு அடியில் நல்ல தீக்களிமண் கிடைப்பது இதனால்தான். களியில் தங்கிய நுண்கரிமம் பிசையும்போது நெகிழ்வைக் கூட்டுகிறது. அதே கரிமம் சூளையில் எரிந்து தீரும் முன் மேற்பரப்பு இறுகிவிட்டால் உடைத்துப் பார்க்கையில் நடுவில் கறுப்பு, சில சமயம் வீக்கம். கரிமம் மிகுந்த களிக்கு 600 முதல் 900 டிகிரி வரை நல்ல காற்றோடு மெதுவான சூடு தேவை. கடல்நீர் தொட்ட சதுப்பானால் கந்தகமும் சேரும். இரும்புடன் இணைந்த அந்தத் துகள்கள் வெள்ளைச் சாமானில் கரும்புள்ளியாக வெளிப்படும். பியூஸ் கேரியருக்கு மன்னிக்கலாம், பொம்மையின் முகத்துக்கு முடியாது. செங்கல்லுக்கோ கரிமம் வரமே. இங்கிலாந்தில் ஃபிளெட்டன் செங்கல்லுக்கு எடுக்கும் ஆக்ஸ்ஃபோர்டு களி, தன்னிலுள்ள கடற்கரிமம் தானே எரிவதால் வெளி எரிபொருளை வெகுவாக மிச்சப்படுத்துகிறது.

ஒரே குழியின் வெவ்வேறு ஆழத்துக் களிகள் சூளையில் ஒன்றுபோல் நடக்கா. அவற்றை மேல்மண் என்ற ஒரே பெயரில் குவித்துவிட்டால் இந்த வேறுபாடுகள் எல்லாம் கலந்து அழிகின்றன. அது எங்களை உண்மையில் வருத்துகிறது. துளையிடல் பதிவுகளில் நிலக்கரிக்குத் தரும் அக்கறையைக் களிப்படிவங்களுக்கும் சுரங்கத்தார் தர வேண்டும். மண் வியாபாரிகள் ரசீதில் ஆழத்தைக் குறிக்கலாம். பட்டறைக்காரர்கள் ஒவ்வொரு லோடிலும் கைப்பிடி மண்ணை எடுத்துவைத்து, எரித்த நிறத்தையும் எடை இழப்பையும் எழுதி வாருங்கள். அந்தக் குறிப்புகளை எங்களுக்கு அனுப்பினால் வரும் இதழ்களில் படிவம் வாரியாக வெளியிடுவோம்.