சீலர் நல்லதுதான்... ஸ்பிரேயர் சரியா?

செட்டிநாட்டு வீடுகளுக்குள் கிடக்கும் ஆத்தங்குடி கல்லுக்குப் பெரிய பராமரிப்பு தேவையில்லை. துடைக்கிற தண்ணீரில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் போதும். ஆள் நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். காரைக்குடிப் பக்கம் புது வீட்டு வாசலில் பதிக்கிற பேவர் பிளாக் அப்படியில்லை. வெயிலும் மழையும் நேராக அதன் தலையில்தான். நிறம் மங்கும், பாசி பிடிக்கும், வண்டியிலிருந்து சொட்டும் ஆயில் உள்ளே இறங்கிவிடும்.

அதற்காகத்தான் சீலர் அடிக்கிறோம். விலை கொடுத்து நல்ல சீலர் வாங்கியும் தரை திட்டுத்திட்டாகத் தெரிகிறதா? ஸ்பிரேயரையும் ஒரு பார்வை பாருங்கள்.

எதை வாங்கலாம்?

முதலில் சீலர் டப்பாவைப் படியுங்கள். தண்ணீரில் கரையும் வகை என்றால், தோட்டத்துக்கு வாங்கும் சாதாரண பிளாஸ்டிக் கைபம்ப் ஸ்பிரேயரே போதும். தின்னர் வகை என்றால் அது ஆகாது. ரப்பர் வாஷர் ஊதிப்போய், பாதி வேலையில் ஒழுக ஆரம்பித்துவிடும். கடையில் ‘தின்னர் தாங்கும், விட்டான் வாஷர் போட்ட ஸ்பிரேயர்’ என்று கேட்டு வாங்குங்கள். தின்னர் ஆவி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், இதற்கு பேட்டரி ஸ்பிரேயர் வேண்டாம். பக்கத்தில் அடுப்போ, பீடி, சிகரெட்டோ கூடாது, முகக்கவசம் அவசியம்.

வீட்டு வாசலுக்கு 5 முதல் 8 லிட்டர் அளவு போதும். நாசில் விசிறி போல விரிந்து அடிக்க வேண்டும். பனி மாதிரி தூவினால் காற்றில் பறந்து காரிலும் துளசி மாடத்திலும் படியும். வயலுக்கு மருந்து அடித்த ஸ்பிரேயரை இதற்கு எடுக்காதீர்கள். சீலர் அடித்ததைத் திரும்பச் செடிக்கும் கொண்டுபோகாதீர்கள்.

எப்போது அடிக்கலாம்?

உப்புப் பூத்திருந்தால் முதலில் அதை நீக்குங்கள். தரையைக் கழுவி, கல் இடுக்கில் மணல் குறைந்த இடத்தை நிரப்பி, ஒரு நாளாவது நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் தரை வெள்ளை வெள்ளையாக மங்கிவிடும். அதைச் சுரண்டி எடுக்கிற கூலி, சீலர் விலையையே தாண்டலாம்.

உச்சி வெயிலும் ஆகாது. கல் கொதிக்கும்போது சீலர் உள்ளே இறங்கும் முன்பே காய்ந்து, குமிழ் விடும். பனி ஈரம் காய்ந்த பிறகு வரும் காலை நேரமே சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். ஒரே கனமான பூச்சைவிட, மெல்லியதாக இரண்டு பூச்சு நல்லது.

இன்னொன்று. பளபளப்பு சீலர் அடித்த கல்லில் தண்ணீர் பட்டால் வழுக்கும். தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடும் இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். கோலமும் நிற்கும், வீட்டுப் பெரியவர்களும் விழமாட்டார்கள். மற்ற இடத்துக்கு வழுக்காமலிருக்கக் கலக்கும் பொடியைக் கடையில் கேளுங்கள்.

வேலை முடிந்ததும்...

டீ குடித்துவிட்டு வந்து கழுவலாம் என்று வைக்காதீர்கள். உள்ளே காய்ந்த சீலர் பிறகு போகாது. காற்றை வெளியேற்றி, மிச்சத்தைத் தனி டப்பாவில் ஊற்றுங்கள். தண்ணீர் வகைக்கு சோப்புத் தண்ணீர், தின்னர் வகைக்கு அதற்குரிய தின்னர் ஊற்றி, நாசில் வழியாகத் தெளிவாக வரும்வரை அடித்துவிடுங்கள். தின்னர் கழிவைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம்.

நாசில் அடைத்தால் குண்டூசியால் குத்தாதீர்கள். துளை பெரிதாகி, அடுத்த முறை கோடு கோடாக விழும். ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். மூடியைத் திறந்து, தலைகீழாக நிழலில் காயவையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது வாஷர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

மறுபடி எப்போது அடிப்பது என்ற குழப்பமும் வேண்டாம். கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாக நின்றால் சீலர் இன்னும் இருக்கிறது. உறிஞ்சிக்கொண்டால், ஸ்பிரேயரை எடுக்க நேரம் வந்துவிட்டது!