வாக்கு வந்தது; காணி வந்ததா?

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தென்னாபிரிக்க ஜனாதிபதி சிறில் ரமபோசா புதிய சுவீகரிப்புச் சட்டமொன்றிற்குக் கைச்சாத்திட்டார். பொதுநன்மை கருதி அரசாங்கம் காணியை எடுக்கலாம். சில குறிப்பிட்ட சந்தர்ப்பங்களில், நீதியும் நியாயமும் இடங்கொடுக்குமாயின், நட்டஈடு ஏதுமின்றியும் எடுக்கலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். மறுமாதமே அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் அந்நாட்டிற்கான உதவியை நிறுத்துமாறு கட்டளையிட்டார். வெள்ளையரின் உடைமை பறிபோகின்றதென்று பெருங்கூக்குரல் எழுந்தது. நிற ஒதுக்கல் ஒழிந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்நாட்டின் காணிச் சட்டமொன்று வல்லரசொன்றைச் சினங்கொள்ளச் செய்கின்றதென்றால், அம்முப்பது ஆண்டுகளில் அங்கு நடந்தது யாது, நடவாதது யாது என்பதை நிதானமாக ஆராய்தல் நம் கடனாகும்.

நம் நாட்டிலும் தென்னாபிரிக்காவைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. உண்மை என்றும் நல்லிணக்கம் என்றும் மேடைகளில் முழங்கும்போதெல்லாம் அந்நாடே உதாரணமாகக் காட்டப்படுகின்றது. 2014ஆம் ஆண்டில் ரமபோசாவே தம் நாட்டின் விசேட தூதுவராக இங்கு வந்து சென்றார். ஆனால், உதாரணங் காட்டுவோர் பாதிக் கதையை மாத்திரமே சொல்கின்றனர். மற்றப் பாதி காணியின் கதை. அதையும் சேர்த்துப் படித்தாலன்றித் தென்னாபிரிக்கா நமக்குப் புகட்டும் பாடம் நிறைவுறாது.

அக்கதை 1948ஆம் ஆண்டில் தேசியக் கட்சி ஆட்சிபீடமேறியதோடு தொடங்கியதன்று. 1913ஆம் ஆண்டின் சுதேசிகள் காணிச் சட்டமே அதன் முதல் அத்தியாயம். மக்கட்டொகையில் ஏறக்குறைய மூன்றிலிரு பங்கினரான கறுப்பு மக்களுக்கு நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 7 வீதமே அச்சட்டத்தால் ஒதுக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டில் அது 13 வீதமாக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே அவர்கள் காணி வாங்குதல் தடுக்கப்பட்டது. ஒறேஞ்சு மாநிலத்தில் வெள்ளையரின் காணிகளில் அரைவாரத்துக்குப் பயிரிட்டுத் தம் ஏரையும் எருதையும் வைத்துச் சுயமாக வாழ்ந்த கறுப்புக் கமக்காரர், ஒன்றில் கூலியாட்களாக மாறவேண்டும், அல்லது மந்தைகளை ஓட்டிக்கொண்டு வெளியேறவேண்டும் என்ற நிலை வந்தது. சட்டத்தின் நோக்கம் காணியைப் பறிப்பது மட்டுமன்று. காணியில்லாதவன் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் குறைந்த கூலிக்கு வந்தே தீரவேண்டும் என்பதும் அதன் உட்கிடக்கை.

1948க்குப் பின் வந்தோர் அவ்வத்திவாரத்தின் மேல் மாளிகை எழுப்பினர். 1950இல் குடிமக்கள் யாவரும் நிறவாரியாகப் பதிவு செய்யப்பட்டனர். அதே ஆண்டில் வந்த குழுப் பிரதேசச் சட்டம், எந்த நிறத்தார் எத்தெருவில் வசிக்கலாம் என்பதை வகுத்தது. 1960க்கும் 1983க்கும் இடையில் சுமார் 35 இலட்சம் மக்கள் பலாத்காரமாக இடம்பெயர்க்கப்பட்டனர். நம் இனத்தாரும் இக்கொடுமைக்குத் தப்பவில்லை. 1860ஆம் ஆண்டு தொடக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள், டேர்பன் நகரின் கேற்றோ மனோரில் மரக்கறித் தோட்டஞ் செய்து தலைநிமிர்ந்திருந்த காலத்தில், அங்கிருந்து பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வேர்த் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டனர். தோட்டக்காரன் தோட்டத்தை இழந்தான். வீட்டிலக்கம் ஒன்றைப் பெற்றான்.

1990 பெப்ரவரியில் நெல்சன் மண்டேலா 27 ஆண்டுச் சிறைவாசத்தின் பின் விடுதலையானார். 1994 ஏப்பிரலில் எல்லா நிறத்தாரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர். ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் நூற்றுக்கு 62 வீதத்துக்கும் மேலான வாக்குகளைப் பெற்றது. இவ்வெற்றியைச் சிறிதெனக் கருதுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. 1996ஆம் ஆண்டின் அரசியற் சட்டம் பதினொரு மொழிகளை அரசகரும மொழிகளாக்கியது. ஆபிரிக்கான் மொழியிற் பாடம் படிக்கமாட்டோமென்று 1976 யூன் 16ஆந் திகதி சொவெட்டோ வீதிகளில் இறங்கிச் சுடப்பட்ட மாணவரின் நாட்டில் இது அற்ப காரியமன்று. காந்தியடிகளும் மண்டேலாவும் அடைபட்டிருந்த யொகன்னஸ்பேர்க் சிறைவளவில் இன்று அரசியற் சட்ட நீதிமன்றம் வீற்றிருக்கின்றது. வீடற்ற ஏழைகளுக்கு வழிசெய்ய அரசாங்கம் கடமைப்பட்டுள்ளதென 2000ஆம் ஆண்டிலும், கர்ப்பிணிகளின் நோய் குழந்தைக்குத் தொற்றாது தடுக்கும் மருந்தை மறுத்தல் தகாதென 2002ஆம் ஆண்டிலும் அந்நீதிமன்றம் அரசாங்கத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 1996ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மின்விளக்கு ஏற்றிய வீடுகள் நூற்றுக்கு 58 வீதமளவே. 2022இல் அது 94 வீதமளவாயிற்று. வாக்குரிமை ஈட்டித் தந்த நலன்கள் இவை.

ஆயின், சமரசத்துக்கு ஒரு விலை இருந்தது. பேச்சுவார்த்தை மேசையில் சிறுபான்மை வெள்ளையர் விட்டுக்கொடுத்தது ஆட்சியை. கைவிடாது காத்துக்கொண்டது உடைமையை. பழைய அரசாங்க உத்தியோகத்தரின் பதவிகளுக்கும் உபகாரச் சம்பளங்களுக்கும் உறுதியளிக்கப்பட்டது. பழைய ஆட்சி பட்ட கடனைப் புதிய ஆட்சி பொறுப்பேற்றது. அரசியற் சட்டத்தின் 25ஆம் பிரிவு உள்ள உடைமைகளுக்குப் பாதுகாப்பளித்தது. காணிச் சீர்திருத்தம் செய்யவேண்டுமென்றும் அதே பிரிவு விதித்தது. இரண்டு வாக்குறுதிகளில் முதலாவதற்கு உடன் காவல் நின்றது. இரண்டாவதற்கு எல்லாம் பின்னரே பார்க்கவேண்டியதாயிற்று.

முதல் ஐந்து ஆண்டுகளில் விவசாய நிலத்தில் நூற்றுக்கு 30 வீதம் கைமாறும் என்று 1994இல் கூறப்பட்டது. அது முடியாதுபோகவே தவணை 2014ஆம் ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. அத்தவணையும் கடந்துவிட்டது, அரசாங்கத் திட்டங்களால் கைமாறிய நிலம் பத்திலொரு பங்களவையும் தாண்டவில்லை. தனிப்பட்டோர் பெயரிலுள்ள விவசாயக் காணியில் நூற்றுக்கு 72 வீதம் வெள்ளையரிடமும் 4 வீதமே கறுப்பு ஆபிரிக்கரிடமும் இருப்பதாக அரசாங்கத்தின் 2017ஆம் ஆண்டுக் காணிக் கணக்கெடுப்பு காட்டியது. கம்பனிகள், நம்பிக்கைப் பொறுப்புகள், அரசு ஆகியவற்றின் காணிகள் இக்கணக்கில் அடங்கா என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். எனினும், எப்பக்கம் தராசு சாய்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

ஏன் இவ்வாறாயிற்று? விரும்பி விற்பவன் விற்க, விரும்பி வாங்குபவன் வாங்கவேண்டும் என்ற கொள்கையே முதலிற் கைக்கொள்ளப்பட்டது. எக்காணியை, எப்போது, எவ்விலைக்கு விற்பதென்பதை விற்பவனே தீர்மானித்தான். காணிச் சீர்திருத்தத்துக்கு ஒதுக்கிய பணமோ வரவு செலவுத் திட்டத்தில் நூற்றுக்கு ஒரு வீதத்தையும் எட்டவில்லை. பறிபோன காணியை மீளக் கோரியவர்களுக்கு 1913 யூன் 19ஆந் திகதி எல்லைக்கோடாயிற்று. அதற்கு முந்திய பறிப்புக்கு வழக்கில்லை. நகரப்புறக் கோரிக்கைகளிற் பெரும்பாலானவை காணியாலன்றிப் பணத்தாலேயே தீர்க்கப்பட்டன.

நம் கமக்காரர் சிந்திக்கவேண்டிய செய்தி இனித்தான் வருகின்றது. வெள்ளைக் கமக்காரர் தம் சொந்த முயற்சியால் மாத்திரம் வளர்ந்தவரல்லர். 1912இல் நிறுவப்பட்ட காணி வங்கி அவர்களுக்குக் கடன் கொடுத்தது. 1937ஆம் ஆண்டின் சந்தைப்படுத்தற் சட்டத்தின் கீழ் அமைந்த சபைகள் அவர்களின் சோளத்துக்கும் பிற விளைவுகளுக்கும் நிச்சய விலை கொடுத்தன. அணைகளும் வாய்க்கால்களும் அரசாங்கச் செலவிலே கட்டப்பட்டன. கறுப்புக் கமக்காரன் கையில் காணி வரத் தொடங்கிய நேரத்திலோ, தடையற்ற சந்தையே சிறந்ததென்ற புதிய ஞானம் பிறந்தது. 1996ஆம் ஆண்டின் சட்டத்தோடு அச்சபைகள் கலைக்கப்பட்டன. ஒருவன் ஏறிய பின் மற்றவன் ஏறுமுன் ஏணியை எடுத்துவிட்டு, ஏறத் தெரியாதவன் என்று அவனைப் பழித்தாற் போலாயிற்று. தண்ணீரும் கடனும் விதையும் உரமும் சந்தையும் இன்றிக் காணியை மட்டும் கொடுத்துவிட்டு, விளைவில்லையே என்று கேட்பவர் கமத்தொழிலை அறியாதவர், அல்லது அறிந்தும் மறைப்பவர்.

கொடுத்த காணியும் முழுதாகக் கொடுக்கப்படவில்லை. 2006 தொடக்கம் அரசாங்கமே காணியை வாங்கி, உறுதியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, கமக்காரருக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் முறையைக் கைக்கொண்டது. உறுதியில்லாதவனுக்கு வங்கியிற் கடனில்லை. உத்தியோகத்தரின் தயவிலேயே அவன் காலந்தள்ள வேண்டும். குவாசூலு-நேட்டாலில் சூலு அரசரின் பொறுப்பிலுள்ள இங்கொன்யாமா நம்பிக்கைப் பொறுப்பு ஏறத்தாழ 70 இலட்சம் ஏக்கர் காணியை ஆள்கின்றது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தோரைக் குத்தகைக்காரராக்கி வாடகை பெற்றது சட்டவிரோதமென 2021இல் மேல் நீதிமன்றம் தீர்ப்பளிக்கவேண்டி வந்தது. வெள்ளை எசமானனிடமிருந்து மீண்ட குடியானவன் வேறோர் எசமானனின் வாசலில் நிற்பதற்கா விடுதலை வந்தது?

நகரத்திலும் நிலைமை வேறன்று. 1994இல் வகுத்த புனரமைப்புத் திட்டம் வீடும் தொழிலும் கல்வியும் வாக்களித்தது. இரண்டே ஆண்டுகளில், சிக்கனத்தையும் அந்நிய முதலீட்டையும் முதன்மைப்படுத்திய வேறொரு திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. கறுப்பருக்குப் பொருளாதார வலுவூட்டல் என்ற பெயரில் கம்பனிப் பங்குகள் கைமாறின. ஆளுங்கட்சிக்கு அணுக்கமான சிலர் பெருஞ்செல்வராயினர். 2012 ஆகஸ்ட் 16ஆந் திகதி மரிக்கானாவில் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்த பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர் 34 பேர் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு காலத்தில் சுரங்கத் தொழிற்சங்கத்தின் தலைவராய்த் திகழ்ந்த ரமபோசா, அன்று அச்சுரங்கக் கம்பனியின் இயக்குநர் சபையில் இருந்தார். கொலைக்கு அவர் பொறுப்பாளியென விசாரணை ஆணைக்குழு காணவில்லை. எனினும், தொழிலாளர் தலைவர் எப்பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்பதை அந்நாட்டு மக்கள் மறக்கவில்லை. இன்று தொழில் தேடுவோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு வேலையில்லை. வெள்ளையரிடையே அது பத்திலொருவருக்கும் குறைவு. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் மண்டேலாவின் கட்சி 40 வீதமளவான வாக்குகளையே பெற்று, முதன்முறையாகப் பெரும்பான்மையை இழந்து, பழைய எதிரணியினருடன் கூட்டாட்சி அமைத்தது.

உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவை மறந்தோமல்லோம். பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் தலைமையில் கொலையும் சித்திரவதையும் கடத்தலும் விசாரிக்கப்பட்டன. தாய்மாரின் கண்ணீர் உலகறியச் சிந்தப்பட்டது. அது வேண்டிய பணிதான். ஆனால், 35 இலட்சம் மக்களைப் பெயர்த்த சட்டங்களும், காணியைப் பறித்த உறுதிகளும் அவ்வாணைக்குழுவின் நேரடி விசாரணைக்குரியனவாக வகுக்கப்படவில்லை. பலியானோராக ஏற்கப்பட்டோருக்கு 2003இல் ஆளுக்கு 30,000 றாண்ட் கொடுக்கப்பட்டது. நிற ஒதுக்கலால் இலாபமடைந்த தொழிலதிபரிடம் விசேட வரி அறவிடலாமென்ற யோசனையை அரசாங்கம் ஏற்கவில்லை. கண்ணீருக்குக் காது கொடுத்தனர்; காணிக்குக் கணக்குப் பார்க்கவில்லை.

இனி, எதிர்வாதத்துக்கும் மறுமொழி கூறவேண்டும். காணியில் கைவைத்தால் 2000ஆம் ஆண்டுக்குப் பின் அயல்நாடான சிம்பாப்வேயில் நேர்ந்ததுபோல விளைவு வீழும், பணம் பாழாகும் என்பர். அந்த அச்சம் வீணானதன்று. கும்பல் புகுந்து பறிப்பதும், ஆட்சியாளரின் உறவினருக்கு அள்ளிக் கொடுப்பதும் சீர்திருத்தமாகா. ஆயினும், சிம்பாப்வேயிலும் சுதந்திரத்தின் பின் இருபது ஆண்டுகள் அவ்வினா தள்ளிப்போடப்பட்ட பின்னரே வெடித்தது. சட்டப்படி, நேரத்தோடு, ஒழுங்காகச் செய்யாது விட்ட காரியம், பின்னர் சட்டமின்றி, ஒழுங்கின்றி நடந்தது. பயந்து தள்ளிப்போடுதல் ஆபத்தை நீக்காது, வளர்க்கும். புதிய சட்டமும் அது நிறைவேற்றப்படும் முறையாலேயே மதிக்கப்படும். எடுத்த காணி உழுபவனுக்கு உறுதியோடு போகுமா, கட்சிக்காரரின் கைக்குப் போகுமா என்பதே வினா.

ஆகவே, தென்னாபிரிக்காவை நமக்கு உதாரணங் காட்டுவோரிடம் நாம் ஒன்று கேட்கின்றோம். அந்நாட்டின் ஆணைக்குழுவைக் காட்டுங்கள். அதன் அரசியற் சட்டத்தையும் மொழிச் சமத்துவத்தையும் நீதிமன்றத்தையும் காட்டுங்கள். அவற்றோடு அதன் வயலையும் காட்டுங்கள். எந்த உடன்படிக்கையிலும் காணிக்குரிய வாசகம், எவ்வளவு, எவ்வாண்டுக்குள், எவர் பெயரில், எந்தத் தண்ணீரோடு என்று எழுதப்படாவிட்டால், அது எழுதப்பட்டதாகாது. பின்னர் பார்ப்போமென்று விட்ட கணக்கை, 1994இல் வரிசையில் நின்று வாக்களித்தவரின் பேரப்பிள்ளைகள் இன்றும் கேட்டு நிற்கின்றனர்.