முத்துநகர் மக்ரூன் யாருக்குச் சொந்தம்?

போன மாசம் தூத்துக்குடியில் ஒரு கல்லூரி விழா. பேசி முடிச்சு மேடையை விட்டு இறங்கினா, கையில அட்டைப்பெட்டியோட ஒரு மாணவி நின்னுக்கிட்டு இருந்தாங்க. பெட்டிக்குள்ள மக்ரூன். சும்மா சொல்லக்கூடாது பாஸ், வாயில வச்சதும் காணாமப் போச்சு! ரெண்டாவது ஒண்ணை எடுக்கப் போகும்போதுதான் கேள்வி வந்தது.

"அண்ணா, நானும் எங்க சித்தியும் வீட்டுல போடுறோம். இன்ஸ்டாகிராம்ல ஆர்டர் வருது. 'முத்துநகர் மக்ரூன்'னு பேர் வச்சு ரெண்டு வருஷமாச்சு. இப்போ வேற ஒருத்தர் அதே பேர்ல ஆரம்பிச்சுட்டார். கேட்டா, 'நீ ரிஜிஸ்டர் பண்ணியிருக்கியா?'ங்கிறார். நாளைக்கே பண்ணிடலாமா?"

உடனே பதில் சொல்லாம மூணாவது மக்ரூனை எடுத்தேன். ஏன்னா பதில் அவங்களுக்குப் பிடிக்காது.

ட்ரேட்மார்க் சட்டம் நம்ம நாட்டுல 1999-ல் போட்டது. 2003 செப்டம்பர் 15-ல் இருந்து நடைமுறையில் இருக்கு. அதில் 9-வது பிரிவுன்னு ஒண்ணு. பொருள் என்ன, தரம் என்ன, எந்த ஊர்லேர்ந்து வருதுன்னு மட்டுமே சொல்ற வார்த்தையை ஒருத்தருக்கு எழுதிக் கொடுக்க மாட்டேங்குது அது. 'மக்ரூன்'ங்கிறது பொருளோட பேர். 'முத்துநகர்'ங்கிறது ஊரோட பட்டப்பேர். ரெண்டையும் ஒட்டினா என்ன கிடைக்கும்? தூத்துக்குடியில் போட்ட மக்ரூன். அது கிரேட் காட்டன் ரோட்டு பேக்கரிக்காரரும் சொல்ற விஷயம்தானே!

"சென்னைக்குப் போற ரயிலுக்கே முத்துநகர் எக்ஸ்பிரஸ்னு பேரும்மா. அதை நீ மட்டும் எப்படி வாங்குவே?"ன்னேன். முகம் வாடிப்போச்சு.

ஒரு விதிவிலக்கு இருக்கு. விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே, ரொம்ப காலமா பயன்படுத்தி, அந்தப் பேரைக் கேட்டாலே ஜனங்களுக்கு உங்க கடை மட்டும்தான் ஞாபகம் வருதுன்னு நிரூபிச்சா சட்டம் இறங்கி வரும். ஆனா ரெண்டு வருஷ இன்ஸ்டாகிராம் கணக்கு அதுக்குப் பத்தாது.

ஊர்ப்பேர் விஷயத்துல தூத்துக்குடிக்கே ஒரு பழைய சோகம் உண்டு. கொற்கை காலத்திலிருந்து முத்து எடுத்த கடற்கரை இது. கடைசியாப் பெரிய அளவுல முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். ஆனா இந்தியாவில் 'முத்துகளின் நகரம்'னா வெளியூர்க்காரன் எதைச் சொல்வான் தெரியுமா? ஹைதராபாத்! கடலே இல்லாத ஊர். முத்துக்கு ஓட்டை போட்டு, கோத்து, வித்தது அவங்க. மூச்சடக்கி முங்கினவனுக்கு உப்புத்தண்ணி, வித்தவனுக்குப் பேர்.

அப்போ ஊருக்குப் பேர் வாங்கித் தந்த பண்டத்துக்குப் பாதுகாப்பே இல்லையா? இருக்கு. ஆனா அது ட்ரேட்மார்க் இல்லை, புவிசார் குறியீடு. இதே தூத்துக்குடி மாவட்டத்துல கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரல்ல கிடைச்சுது. உடன்குடி கருப்பட்டிக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023-ல். இதில் தனிமனுஷன் முதலாளி ஆக முடியாது. தயாரிப்பாளர்கள் சங்கமாச் சேர்ந்து விண்ணப்பிக்கணும். அந்தப் பகுதியில முறைப்படி தயாரிக்கிற ஒவ்வொருத்தரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்'னு தனியாப் பதிஞ்சுக்கலாம். இந்த உரிமையை யாருக்கும் விற்க முடியாது. எவ்வளவு பெரிய கம்பெனி வந்தாலும் 'கோவில்பட்டி கடலைமிட்டாய்'ங்கிற பேரைத் தனக்கு மட்டும்னு ட்ரேட்மார்க் ஆக்கிக்கவும் முடியாது. இந்தச் சட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ஆக, ஊர்ப்பேர் ஊருக்கு. உங்களுக்குன்னு ஒரு பேர் வேணுமே?

"அப்போ சித்தி பேரை வச்சுடலாமா அண்ணா?"

வைக்கலாம். பதிவும் பண்ணலாம். ஆனா அதே பேர் உள்ள இன்னொருத்தர் நேர்மையாத் தன் பேரைத் தன் கடைக்கு வச்சா தடுக்க முடியாது. நம்ம கடற்கரையில முத்துன்னோ பெர்னாண்டோன்னோ கடைக்குப் பேர் வச்சுட்டு, 'வேற யாரும் வைக்கக்கூடாது'ன்னு சொல்லிப் பாருங்க. தெருவே திரும்பிப் பார்க்கும்!

நல்ல ட்ரேட்மார்க்குக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது. பழக்கடைக்காரர் 'ஆப்பிள்'னு பதிய முடியாது, கம்ப்யூட்டர்காரர் பதிஞ்சுட்டார். 'மொறுமொறு', 'வெண்பஞ்சு', 'முந்திரி டிலைட்' மாதிரி பேரெல்லாம் மக்ரூனைப் பத்திச் சொல்றதால பலவீனம். முட்டை வெள்ளைக்கருவுக்கும் முந்திரிக்கும் துளிகூடச் சம்பந்தமில்லாத பேர்தான் பலம்.

சில சமயம் அந்தப் பேரை நாம வைக்கிறதே இல்லை, ஜனங்க வச்சுடறாங்க. திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு ஆரம்பிச்ச கடைக்குப் பேர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல். அவர் தலையில எப்பவும் தலப்பா கட்டியிருப்பார். 'தலப்பாக்கட்டி கடை'ன்னு ஊரே சொல்ல ஆரம்பிச்சுது. பின்னாடி சென்னையில கிட்டத்தட்ட அதே பேர்ல இன்னொரு பிரியாணிக் கடை வந்து, விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திண்டுக்கல் கடை பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. எழுத்து லேசா மாறியிருந்தாலும் காதுல ஒரே மாதிரி விழுந்து ஆளைக் குழப்புதான்னுதான் கோர்ட் பார்க்கும். அதனால 'நான் ஒரு எழுத்தை மாத்திட்டேன் சார்'ங்கிற சாமர்த்தியம் வேண்டாம்.

இந்த மாதிரி வழக்குல யார் முதல்ல பதிஞ்சாங்கங்கிறதைவிட, யார் முதல்ல பயன்படுத்தினாங்கங்கிறதுக்கு மதிப்பு அதிகம். 34-வது பிரிவு முன்னாடியிலிருந்தே தொடர்ந்து பயன்படுத்துறவரைக் காப்பாத்தும். அதுக்கு ஆதாரம் வேணும்ல? முதல் பில், பெட்டி அச்சடிச்ச பிரஸ்ஸோட ரசீது, முதல் போஸ்ட்டோட தேதி, கூரியர் சீட்டு, எதையும் தூக்கிப் போடாதீங்க. ஒரு பழைய ஷூ டப்பாவுக்குள்ள போட்டு வைங்க. நான் சீரியஸாத்தான் சொல்றேன்.

பதிவு பண்ற வேலை ஒண்ணும் பூதம் இல்லை. முதல்ல ட்ரேட்மார்க் அலுவலக இணையதளத்துல இலவசமாத் தேடிப் பாருங்க. எழுத்து மட்டுமில்ல, ஒலி ஒத்த பேரையும் தேடலாம். சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்பாப் பிரிச்சிருக்காங்க. மக்ரூன், கடலைமிட்டாய், உப்பு எல்லாம் 30-வது வகுப்பு. ஆன்லைன்ல தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மத்தவங்களுக்கு 9,000. அதிகாரி கேள்வி கேட்டு ரிப்போர்ட் அனுப்பினா ஒரு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும். நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். அப்புறம் ஜர்னல்ல வெளியாகும், 4 மாசத்துக்குள்ள யாரும் ஆட்சேபிக்கலைன்னா பதிவு. விண்ணப்பிச்ச தேதியிலிருந்து 10 வருஷம் செல்லும், புதுப்பிச்சுக்கலாம். பேர் பக்கத்துல 'டி.எம்.'னு குட்டியாப் போட யார் அனுமதியும் வேண்டாம். வட்டத்துக்குள்ள 'ஆர்' மட்டும் பதிவான பிறகுதான். கெத்துக்காக முன்னாடியே போட்டா அபராதத்துல கொண்டு விடும்.

(உணவுப் பொருள்ங்கிறதால எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும் தனியா வேணும். சித்திகிட்ட சொல்லிடுங்க.)

இதையெல்லாம் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்த ஒரு தம்பி, தோள்ல கிடாரோட, மெதுவா ஆரம்பிச்சார். "நாங்க நாலு பேர் பேண்ட் வச்சிருக்கோம். பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு. காப்பிரைட் இருக்குல்ல, அது போதாதா?"

போதாது தம்பி. பாட்டை எழுதி மெட்டுப் போட்டு ஏதோ ஒரு வடிவத்துல பதிஞ்சு வச்சதுமே காப்பிரைட் தானா வந்துடும், பதிவே அவசியமில்லை. டீ-ஷர்ட்டுக்காக வரைஞ்ச படத்துக்கும் அப்படித்தான். ஆனா பேண்டோட பேர் காப்பிரைட்டுக்குள்ள வராது, அது ட்ரேட்மார்க். மேடைக் கச்சேரிக்கு 41-வது வகுப்பு, அந்தப் பேர் போட்ட டீ-ஷர்ட் விக்கணும்னா 25-வது வகுப்பு. தனித்தனிக் கட்டணம். கையில காசு இல்லைன்னா முதல்ல 41.

"சரி, யார் பேர்ல விண்ணப்பம் போடப் போறீங்க?"

"எங்க கிட்டாரிஸ்ட்டோட அப்பா வக்கீல். அவன் பேர்லயே போட்டுடலாம்னு..."

இதைக் கேட்டதும் எனக்கு உள்ளே திக்குன்னு இருந்தது. எனக்கே நடந்த கதை. நாங்க மூணு பேர் சேர்ந்து கல்லூரியில ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மூணு வருஷம் ராத்திரி கண்முழிச்சோம். படிப்பு முடிஞ்சதும் ஒருத்தன் அதே பேர்ல ஒரு டிசைன் கடை திறந்து பதிவும் பண்ணிட்டான். ஒரு வார்த்தை கேக்கலை. கேஸ் போடுற வயசா அது? காசும் இல்லை, ஆதாரமும் இல்லை. இப்பவும் அந்த போர்டைத் தாண்டிப் போகும்போது தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்குவேன்.

அதனால தம்பி, நாலு பேரும் கூட்டு விண்ணப்பதாரரா இருங்க. சட்டம் அனுமதிக்குது. ஒருத்தர் விலகினா பேர் யார்கிட்ட இருக்கும், பாட்டு யாரோடது, டீ-ஷர்ட் காசு எப்படின்னு ஒரு பக்கத்துக்கு எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்க. நல்லாப் பழகிக்கிட்டு இருக்கும்போதே எழுதுங்க. சண்டை வந்தப்புறம் யாரும் பேனாவை எடுக்க மாட்டாங்க. இன்னொண்ணு, பதிவான பேரை 5 வருஷத்துக்கு மேல பயன்படுத்தாமப் போட்டு வச்சா, நீக்கச் சொல்லி மத்தவங்க மனு போடலாம். வேலை கிடைச்சு ஆளுக்கொரு ஊர் போனாலும் வருஷத்துக்கு ஒரு கச்சேரியாவது போட்டுடுங்க, சரியா?

மக்ரூன் மாணவி ரெண்டு வாரம் கழிச்சு போன் பண்ணினாங்க. ராத்திரி முழுக்க சித்தியோட உக்காந்து யோசிச்சு ஒரு புதுப் பேர் பிடிச்சிருக்காங்களாம். இணையதளத்துல தேடியாச்சு, அந்தப் பேர்ல யாரும் இல்லை. கேட்டதும் நானே 'அட!'ன்னுட்டேன், அவ்வளவு ஜோரான பேர். இங்கே எழுத எனக்கும் கை துறுதுறுன்னுதான் இருக்கு. ஆனா விண்ணப்பம் அடுத்த திங்கட்கிழமைதான் போடப் போறாங்களாம். மன்னிச்சுக்குங்க, மூச்சு விட மாட்டேன்.