ஆட்டுக் கடனில் தீவனத்துக்கும் இடம் வேண்டும்

செம்மறியாட்டுக் கடன் விண்ணப்பத்தில் எண்ணிக்கை, வயது, விலை, காது வில்லையின் எண் என எல்லாவற்றையும் கேட்கிறோம். ஆட்டின் உடல்நிலையைக் கேட்பது அரிது. 50 பெட்டை ஆடுகள் என்றால் ஆண்டுக்கு இத்தனை குட்டிகள் என்று கணக்கிட்டுத் தவணையை வகுத்துவிடுகிறோம். மெலிந்த ஆடு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

ராஜஸ்தானின் டோங்க் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். மால்புரா செம்மறிகளின் தாயகம் அது. 1962இல் தொடங்கப்பெற்ற மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனமும் அங்குள்ள அவிகாநகரில்தான் இருக்கிறது. கோடையில் மேய்ச்சல் நிலம் காய்ந்துவிட, வன்னித் தழையும் இலந்தைத் தழையுமே ஆடுகளுக்குத் துணை. ஆகஸ்டு, செப்டம்பரில் கிடாய் சேர்க்கும் வேளையில் பெட்டைகள் எலும்பும் தோலுமாக இருந்தால் சிலவற்றுக்குப் பருவமே வராது. வந்தாலும் வெளிப்படும் கருமுட்டைகள் குறையும். ஒரு பருவம் தவறினால் அடுத்ததற்கு 17 நாள் காத்திருக்க வேண்டும்.

கிடாய் சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து ஆடொன்றுக்கு நாள்தோறும் 250 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். 50 ஆடுகளுக்கு இது ஏறத்தாழ 260 கிலோ. அதன் விலையை ஓரிரு குட்டிகளின் விற்பனை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா ஆட்டுக்கும் இது தேவையில்லை. இடுப்பருகே முதுகெலும்பைக் கையால் அழுத்திப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவது கால்நடை மருத்துவர்களின் வழக்கம், 2.5க்குக் கீழுள்ளவையே மிகுந்த பயன் பெறும். கொழுத்த ஆட்டுக்கு மேலும் ஊட்டுவது வீண்செலவு. வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரு பங்கை எட்டாத பெட்டைக் குட்டியைச் சினைக்கு விடுவதும் தவறு. அவசரத் தவணைகள் அத்தவற்றுக்குத் துணைபோகின்றன என்பது என் கருத்து.

2018-19 நிதிநிலை அறிக்கையில் கிசான் கடன் அட்டை கால்நடை வளர்ப்போருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தவணைக் கடன் வழங்கும் கிளை, தீவனத்துக்கான இந்த நடைமுறை மூலதனத்தையும் உடன் ஒப்பளிக்கலாம். ஆனால் பணம் ஜூலைக்குள் கைக்கு வர வேண்டும். செப்டம்பரில் வந்தால் வேறு செலவுக்குப் போய்விடும். சினைக்காலம் ஐந்து மாதம். கரு பெருமளவு வளர்வது இறுதி ஆறு வாரங்களில். ஆகவே ஜனவரி ஈற்றுக்கான தீவனப் பணம் டிசம்பர் தொடக்கத்தில் தேவைப்படும். திருப்பிச் செலுத்தும் முதல் தவணையோ, குட்டிகள் விற்பனைக்குரிய எடையை எட்டிய பின்னரே வர வேண்டும். விண்ணப்பிக்கும் வாடிக்கையாளர்கள், அலுவலர் கேட்காவிட்டாலும், இந்தத் தீவனக் கணக்கை ஒரு தாளில் எழுதி இணைத்துவிடுங்கள்.