'தமிழ்' அஞ்செழுத்தாம்ல!

மக்களே, ஒரே ஒரு கேள்வி. 'தமிழ்'ங்கிற சொல்லுல எத்தனை எழுத்து?

மூணுன்னு சொல்றவங்க சின்ன வகுப்புல ஒழுங்காப் படிச்சவங்க. ஆனா செல்போனுக்கு வர்ற தமிழ்ச் சொல் விளையாட்டுகள்ல சிலது உங்கள ஃபெயில் ஆக்கிடும். அதுங்க கணக்குல அஞ்சு. கட்டம் போட்டுப் பிரிச்சும் காட்டும்: த ஒரு கட்டம், ம ஒரு கட்டம், புள்ளிவட்டத்துல தொங்குற ஒத்தக் கொக்கி ஒரு கட்டம், ழ ஒரு கட்டம், கடைசியா தலையில பொட்டு வச்ச இன்னொரு புள்ளிவட்டம். போன மாசம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ஏழு விளையாட்ட இறக்கி ஆடிப் பார்த்தேன். அதுல மூணு இந்த லட்சணத்துல இருக்கு. அவ்வ்வ்வ்...

"ஓசில குடுக்குறான், ஆடிட்டுப் போவியா, இதெல்லாம் ஒரு மேட்டரா?"ன்னு கேக்குற கூட்டம் ஒண்ணு இருக்கு. அவங்களுக்குத்தான் இந்தப் பதிவே.

மொதல்ல பொட்டி தட்டுறவனாப் பேசிடுறேன். யூனிகோடுல 'மி'க்குன்னு தனி இடம் கிடையாது. ம ஒரு குறி, கொக்கி ஒரு குறி. ரெண்டும் சேர்ந்து திரையில ஒரே எழுத்தாத் தெரியும். ழ் கதையும் அதேதான், ழ ஒண்ணு, புள்ளி ஒண்ணு. ஜாவாகிட்ட 'தமிழ்' நீளம் எவ்வளவுன்னு கேட்டா 5ங்கும். பைத்தானும் 5ங்கும். அதுங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். நாம கேட்டது குறிகளோட எண்ணிக்கை, அதைத்தான் சொல்லுது. இங்கிலீஷ்ல குறியும் எழுத்தும் ஒண்ணாவே இருக்கறதால அங்க எழுதின கோடு பிரச்சினை இல்லாம ஓடுது. அதே கோடை அப்படியே எடுத்து, வார்த்தைப் பட்டியல மட்டும் தமிழுக்கு மாத்திட்டு கடையத் திறந்தா இப்படித்தான் ஆகும்.

இந்தக் கணக்குல மதுரை 5, பழனி 4. ரெண்டுமே மூணெழுத்து ஊரு சாமி! இன்னொரு கூத்தும் இருக்கு. 'ம'ன்னா ஒண்ணு, 'ம்'னா ரெண்டு. இலக்கணத்துல மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான், ம-வுக்கு ஒரு மாத்திரை. பாதி எடை உள்ளவனுக்கு ரெண்டு டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?

"உயிர் தனியா மெய் தனியாப் பிரிச்ச மாதிரின்னு வச்சுக்கயேன்"னு நண்பர் ஒருத்தர் வாதாடினார். அதுவும் இல்லீங்க. ம = ம் + அ. அந்த அகரத்துக்கு இங்க கட்டமே கிடையாது. ஆக இது எழுத்தும் இல்ல, உயிர்-மெய் பிரிப்பும் இல்ல. கம்ப்யூட்டர் தன் சௌகரியத்துக்கு அடுக்கி வச்ச சாமான். அந்தப் பரண நம்ம நடுவீட்டுக்குக் கொண்டுவந்து வச்சிருக்காங்க.

'விகடகவி'ய எடுத்துக்கங்க. திருப்பிப் படிச்சாலும் விகடகவி. தெனாலிராமன் கதை கேட்ட எந்தப் பிள்ளைக்கும் தெரியும். இதையே குறி குறியாத் திருப்பினா, கடைசில இருந்த கொக்கி மொத ஆளா வந்து நிக்கும், அதுக்கப்புறம் வ, க, ட, கி, வ. அந்தப் பேரே காலி. ஏழாம் நூற்றாண்டுல சம்பந்தர் திருமாலைமாற்றுன்னு ஒரு பதிகமே பாடியிருக்கார், முன்னாடி படிச்சாலும் பின்னாடி படிச்சாலும் ஒண்ணா வர்ற பாட்டுகள். வைகைல அவர் விட்ட ஏடு தண்ணிய எதிர்த்துப் போயி நம்ம சோழவந்தான் பக்கத்துல திருவேடகத்துல ஒதுங்குச்சுன்னு கதை. ஆத்த எதிர்த்துப் போன ஏடு இந்த விளையாட்டுகள்கிட்ட வந்தா மொத ரவுண்டுலயே அவுட்டு.

சரி, இவங்க சொல்ற சாக்கு ரெண்டு. ஒவ்வொண்ணாப் பாப்போம்.

சாக்கு 1: "தமிழ்ல 247 எழுத்து. போன் திரையில எப்படிய்யா அடுக்குறது?"

எதுக்கு அடுக்கணும்? 1999ல தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகைய அறிவிச்சது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. க தட்டி இ தட்டினா கி. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகுதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்ததேதான். அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1930கள்லயே ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியிருக்கு. ஈயத்துல எழுத்துக் கோத்த காலம் அது. அன்னிக்கு அச்சாபீஸ்ல இருந்தவருக்கு ஒரு கட்டத்துல ஒரு முழு 'மி' வைக்கத் தெரிஞ்சிருக்கு. கைல சூப்பர் கம்ப்யூட்டர் வச்சிருக்குற நமக்கு முடியலையாம்!

சாக்கு 2: "தமிழ்ல விளையாட்டுக்குத் தோதான வார்த்தைப் பட்டியல் இல்ல."

இதுதான் சுத்தச் சோம்பேறித்தனம். 2021ல ஜோஷ் வார்டில்ங்கிறவர் வேர்டில்ன்னு ஒரு விளையாட்ட வெளியிட்டாரு, 2022 ஜனவரில அத நியூயார்க் டைம்ஸ் வாங்குச்சு. இங்கிலீஷ்ல அஞ்செழுத்து வார்த்தை சுமார் 12,000. அவரோட துணை பலக் ஷா உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்து, சாதாரண ஆளுக்குத் தெரிஞ்சதா சுமார் 2,500 பொறுக்கி எடுத்தாங்க. அந்த விளையாட்டோட வெற்றிக்கு அந்த உழைப்பும் ஒரு காரணம். நம்மாளுங்க என்ன பண்றாங்க? சென்னைப் பல்கலைக்கழகம் 1924ல இருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வெளியிட்ட பேரகராதிய அப்படியே கவுத்துறாங்க. லட்சத்துக்கு மேல சொல் இருக்குற புதையல் அது, மறுக்கல. ஆனா நிகண்டுல மட்டும் உயிரோட இருக்குற சொல்ல விடையா வச்சிட்டு, நான் 'அங்கிட்டு'ன்னு அடிச்சா 'தவறான சொல்'லுன்னு செவப்பு காட்டுது. எங்க ஊர்ல நின்னுக்கிட்டு அங்கிட்டு தப்புங்கிறான். இருக்கட்டும்டி!

உண்மையில தமிழ் எழுத்து இந்த மாதிரி விளையாட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. மெய்யெழுத்துல சொல் தொடங்காது. க், ச், ட், த், ப், ற்-ல நம்ம சொந்தச் சொல் எதுவும் முடியாது. நடுவுல ங் வந்தா அடுத்தது அனேகமா க வரிசைதான். தொல்காப்பியத்துலயே இருக்குற விதிகள் இதெல்லாம். ஆடுறவனுக்கு காசில்லாத க்ளூ! விடை 'வைகை'ன்னு வைங்க, நீங்க 'வாகை'ன்னு அடிக்கிறீங்க. 'கை'க்குப் பச்சை. 'வா'வுக்கு என்ன கலர்? எழுத்து தப்பு, ஆனா வ் சரி. அப்ப "மெய் சரி, உயிர மாத்து"ன்னு சொல்ல நாலாவதா ஒரு கலர் வேணும். இங்கிலீஷ்ல இப்படி ஒரு க்ளூ வைக்க வழியே இல்ல. நமக்கு மட்டும் கிடைக்கிற வசதிய விட்டுட்டு அவன் சட்டைய ஆல்டர் பண்ணிப் போட்டுக்கிட்டிருக்கோம்.

இவ்வளவு ஏன் கொதிக்கிறேன்னா, அக்கா பொண்ணு நாலாவது படிக்கிறா, இங்கிலீஷ் மீடியம். வீட்ல தமிழ் பேசுவா. ஆனா பாடப் புத்தகத்த மூடிட்டா அவ தமிழ் எழுத்தப் பாக்குறது இந்த விளையாட்டுல மட்டும்தான். போன வாரம் 'பழம்' எத்தனை எழுத்துடான்னு கேட்டேன். நாலுன்னா. மிஸ் மூணுன்னுல்ல சொல்லியிருப்பாங்கன்னேன். "போன்ல நாலு கட்டம் இருக்கு மாமா, மிஸ்ஸுக்குத் தெரியல"ங்கிறா. மிஸ்ஸுக்கும் போனுக்கும் சண்டை வந்தா போன்தான் ஜெயிக்குது. பாண்டித்துரைத் தேவர் 1901ல தமிழ்ச் சங்கம் வச்ச ஊர்ல இது நடக்குது. ஓசிதானேன்னு சொன்னவங்க இப்ப சொல்லுங்க, இது ஒரு மேட்டரா இல்லையா?

ஒழுங்காச் செய்றவங்க இல்லாம இல்ல. 2000கள்ல அமெரிக்காவோட 'தென்றல்' பத்திரிகைல வாஞ்சிநாதன் போட்ட குறுக்கெழுத்துப் புதிர்களப் பாத்தவங்களுக்குத் தெரியும், சிலேடையும் சொல்ல உடைக்கிறதுமா தமிழ்ல எவ்வளவு தூரம் போலாம்னு. முத்து அண்ணாமலை தொடங்கின ஓப்பன்-தமிழ்ங்கிற பைத்தான் நூலகம் சொல்ல எழுத்து எழுத்தாப் பிரிச்சுக் குடுக்குது, இலவசமா. ஆப்பிளோட ஸ்விஃப்ட் மொழில 'தமிழ்' நீளம் கேட்டா அதுவே 3ன்னு சொல்லும். குப்பர்ட்டினோக்காரனுக்குத் தெரிஞ்சது கோரிப்பாளையத்துக்காரனுக்குத் தெரியலன்னா எப்புடி?

இனிமே எந்தத் தமிழ் விளையாட்ட இறக்கினாலும் மூணு சோதனை வைங்க:

1. 'தமிழ்'க்கு எத்தனை கட்டம்? மூணுக்கு மேல போனா தூக்குங்க.

2. 'கொக்கு'ன்னு வேற வேற கீபோர்டுல அடிச்சுப் பாருங்க. கொ-வ ஒரே துணைக்குறியாவும் வைக்கலாம், ஒத்தக் கொம்பு, கால்னு ரெண்டாவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுதான். ஒண்ண ஏத்துக்கிட்டு இன்னொண்ண தப்புன்னா, செஞ்சவர் நார்மலைசேஷன் பக்கமே போகலைன்னு அர்த்தம்.

3. உங்க வீட்ல தினம் பேசுற பத்துச் சொல் அடிச்சுப் பாருங்க. எத்தனை தேறுது?

தேறலைன்னா பேசாம அழிச்சிட்டுப் போயிடாதீங்க. ஒத்த ஸ்டார் குடுத்து, என்ன தப்புன்னு ரெண்டு வரி எழுதுங்க. திருத்துறதுக்கு ஒரு சனிக்கிழமை போதும், இத நான் பொட்டி தட்டுறவனாவே சொல்றேன். திருத்தினா அஞ்சு ஸ்டாரா மாத்திடுங்க.

டிஸ்கி: 'கௌ'வும் 'கெள'வும் ஒண்ணுன்னு நினைச்சு அடிக்கிற அன்பர்களே, உங்களுக்குத் தனிப் பதிவு வருது. தப்பிக்க முடியாது :-)